சாவி கைமாறியது!

(படிப்பக ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இங்கிலாந்து நாட்டு நாணயம் ஒன்று கைக்குக் கிடைத்தால், அரசர் முகம் பொறித்த பக்கத்தை உற்றுப் பாருங்கள். அரசரின் பெயரை அடுத்து 'எஃப்', 'டி' என்று இரண்டு எழுத்துகள் இருக்கும். லத்தீன் மொழித் தொடர் ஒன்றின் சுருக்கம் அது. 'நம்பிக்கையின் காவலர்' என்பது அதன் பொருள். இந்தப் பட்டத்தை இங்கிலாந்து மன்னனுக்கு முதன்முதலில் வழங்கியவர் யார் தெரியுமா? ரோமாபுரிப் போப்பாண்டவர் பத்தாம் லியோ! ஆண்டு 1521. பெற்றவன் எட்டாம் ஹென்றி. ஜெர்மனியிலே போப்பின் அதிகாரத்தை எதிர்த்துக் கிளம்பிய மார்ட்டின் லூதரை மறுத்து ஹென்றி ஒரு நூல் வெளியிட்டான்; அதற்குப் பரிசாகக் கிடைத்தது அந்தப் பட்டம்.

போப்பின் கட்சிக்கு வாதாடியதற்காகப் போப் கொடுத்த விருது! பதின்மூன்றே ஆண்டுகள் கழித்து, 1534-இல், அதே ஹென்றி போப்பின் அதிகாரத்தை நாட்டைவிட்டே ஓட்டினான். போப்பை ஓட்டினான், பட்டத்தை விட்டானா? விடவில்லை! 1544-இல் பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் அதனைத் தன் முடியோடு நிலையாகப் பிணைத்துக்கொண்டான்.

பள்ளிப் பாடம் நமக்குச் சொல்லித் தந்தது என்ன? மன்னன் மணமுறிவு கேட்டான், போப் மறுத்தார், மன்னன் போப்பை மறுத்தான், இங்கிலாந்து விடுதலை பெற்றது. நான்கு வரிகள். முதல் மூன்று வரிகள் மெய். நான்காவது வரியைத்தான் இன்று உரைத்துப் பார்க்க விரும்புகிறேன். ஒரு பேரதிகாரம் வீழ்ந்துவிட்டால், அதன்கீழ்க் கிடந்த மக்கள் விடுதலை பெற்றுவிடுகிறார்களா? வீழ்ந்த அதிகாரம் காற்றிலே கரைந்துவிடுகிறதா? அல்லது வேறொருவர் கைக்குப் போய்ச் சேர்கிறதா?

போப்பாண்டவரின் சின்னம் சாவி. விண்ணுலக வாயிலைத் திறக்கவும் பூட்டவும் இயேசுநாதர் பேதுருவிடம் கொடுத்த சாவி, வழிவழியாகத் தம்மிடம் வந்திருக்கிறது என்பது ரோமாபுரியின் கொள்கை. அந்தச் சாவி ரோமாபுரியைவிட்டு இலண்டன் வந்து சேர்ந்த கதைதான் இது.

கேட்டவனும் மறுத்தவரும்

1509-இல் முடிசூடிய ஹென்றி, அவ்வாண்டிலேயே, மாண்டுபோன தன் அண்ணன் ஆர்தரின் மனைவியாயிருந்த காதரினை மணந்தான். அவள் ஸ்பெயின் நாட்டு அரசகுமாரி. அண்ணன் மனைவியை மணக்கத் திருச்சபை விதி இடம் தராது என்பதால், போப் இரண்டாம் ஜூலியஸ் முன்கூட்டியே தனி அனுமதி வழங்கியிருந்தார். குழந்தைகள் பிறந்தன, மடிந்தன. பிழைத்தது 1516-இல் பிறந்த மேரி ஒருத்திதான். ஆண் வாரிசு இல்லையே என்ற அச்சம் ஒருபுறம். அரண்மனைப் பணிமகள் ஆன் போலின்மீது கொண்ட ஆசை மறுபுறம். அச்சமும் ஆசையும் கைகோத்ததும் மன்னனுக்கு வேதம் நினைவுக்கு வந்தது! சகோதரன் மனைவியைக் கொள்பவன் மகப்பேறு அற்றுப்போவான் என்னும் பழைய ஏற்பாட்டு விதி, பதினெட்டு ஆண்டு இல்லறத்துக்குப் பிறகு, 1527-இல் அவனுடைய மனச்சான்றை உறுத்தத் தொடங்கிற்று.

'இந்த மணம் செல்லாது என்று அறிவியுங்கள்' என்று போப் ஏழாம் கிளமெண்டிடம் கேட்டான். மன்னர்களின் மணவழக்குகளிலே போப்புகள் வளைந்து கொடுத்தது முன்பு நடக்காததன்று. கிளமெண்ட் ஏன் வளையவில்லை? அதே 1527-ஆம் ஆண்டு மே மாதம், பேரரசன் ஐந்தாம் சார்லசின் படை ரோமாபுரியைச் சூறையாடிற்று. போப் கோட்டைக்குள் சிறைப்பட்டார். சார்லஸ் யார்? காதரினின் அக்காள் மகன்! சித்தியைத் தள்ளிவைக்க அனுமதி தருக என்று, அக்காள் மகனின் வாள் நிழலில் வாழ்பவரைக் கேட்டால் என்ன விடை வரும்?

கேட்டவனுக்கு வேதம் ஒரு சாக்கு. மறுத்தவருக்கு வாள் ஒரு அச்சம். இந்த இருவருக்கும் இடையிலே, மெய்யான துணிவோடு நின்றவள் ஒருத்தி உண்டென்றால் அவள் காதரின்தான். 1529-இல் இலண்டனில் கூடிய திருச்சபை நீதிமன்றத்தில், மன்னன் முன் மண்டியிட்டுத் தன் வழக்கைச் சொன்னாள், எழுந்தாள், வெளியே நடந்தாள். திரும்பி வருமாறு கூவி அழைத்தார்கள், திரும்பவில்லை. ஐரோப்பாவின் வரலாறு திரும்பிற்று!

சட்டம் என்னும் சம்மட்டி

ஹென்றி வாளெடுத்து ரோமாபுரிமீது பாய்ந்தானா? இல்லை. அவன் எடுத்தது சட்டம். 1529-இல் கூடிய பாராளுமன்றம் 1536 வரையில் இருந்தது. அந்த ஏழாண்டுகளில் ஒவ்வொரு கல்லாகப் பெயர்த்தெடுத்தார்கள். பெயர்த்தெடுக்கும் வித்தையைத் தெரிந்தவன் தாமஸ் கிராம்வெல். எளிய குடியிலே பிறந்து, மன்னனின் முதன்மை அமைச்சனாக உயர்ந்தவன்.

முதலில் பாதிரிமாரை மிரட்டினார்கள். மன்னனை மீறி ரோமாபுரியின் அதிகாரத்துக்கு இடங்கொடுத்த குற்றம் உங்கள் எல்லார்மீதும் இருக்கிறது என்றார்கள். 1531-இல் காண்டர்பரி மாநிலத்துப் பாதிரிமார் 100,000 பவுன் தண்டம் கட்டி மன்னிப்புப் பெற்றனர். 1532-இல், மன்னன் ஒப்புதலின்றித் திருச்சபை புதுவிதி செய்யாது என்று எழுதிக் கொடுத்தனர். 1533-இல், இங்கிலாந்தின் வழக்குகள் மேல்முறையீட்டுக்காக ரோமாபுரிக்குப் போகக்கூடாது என்று சட்டம் வந்தது. புதிய தலைமைப் பேராயர் கிரான்மர், அவ்வாண்டு மே மாதம், காதரினின் மணம் செல்லாது என்று தீர்ப்பளித்தார். ஆன் போலினை மன்னன் முன்பே மணந்துவிட்டான். செப்டம்பரில் எலிசபெத் பிறந்தாள்.

1534-இல் வந்தது தலைமைச் சட்டம். இங்கிலாந்துத் திருச்சபைக்கு இம்மண்ணுலகில் உச்சத் தலைவன் மன்னனே என்றது அது. சரி, வெளிநாட்டு ஆதிக்கம் ஒழிந்தது. வரவேற்போம் என்று சொல்லத் தோன்றுகிறதல்லவா? சற்றுப் பொறுங்கள், தோழர்களே! அதே கூட்டத்தொடரில் பிறந்த இன்னும் இரண்டு குழந்தைகளைப் பாருங்கள்.

ஒன்று, வரிச் சட்டம். பதவியேற்கும் பாதிரியார்கள் ரோமாபுரிக்குச் செலுத்திவந்த முதலாண்டு வருமானம் இனி மன்னனுக்கு. அதற்குமேல், ஆண்டுதோறும் பத்தில் ஒரு பங்கும் மன்னனுக்கு. போப்பிடம் கொடுத்ததைவிட மன்னனிடம் மிகுதியாகக் கொடுத்தார்கள்!

மற்றொன்று, இராஜத் துரோகச் சட்டம். வாளெடுத்தால்தான் துரோகம் என்பதில்லை, வாயெடுத்தாலே துரோகம். மன்னனை மதத்துரோகி என்றோ கொடுங்கோலன் என்றோ சொன்னால் மரணம். அவனுடைய பட்டங்களுள் ஒன்றைக் கெட்ட எண்ணத்தோடு மறுத்துப் பேசினால் மரணம்.

சொல்லாததற்கும் தண்டனை

1535 மே மாதம், கார்த்தூசிய மடத்துத் துறவியர் தூக்கிலேற்றப்பட்டு வெட்டப்பட்டனர். ஜூன் 22-இல் முதுபெரும் ஆயர் ஜான் பிஷரின் தலை வீழ்ந்தது. ஜூலை 6-இல் தாமஸ் மூரின் தலை வீழ்ந்தது. மூர், மன்னனின் முதலமைச்சராய் இருந்தவர். ஐரோப்பா எங்கும் புகழ் பெற்ற அறிஞர். அவர் மன்னனை ஏசவில்லை. எதிர்த்துக் கூட்டம் கூட்டவில்லை. பதவியைத் துறந்தார், வீட்டிலிருந்தார், வாய்மூடியிருந்தார். ஆனால், மன்னன் கேட்டது அமைதியை அன்று, ஆணையை! 'நம்புகிறேன் என்று சத்தியம் செய்' என்றான். அவர் மறுத்தார்.

மூரை நான் போற்றுகிறேன். ஆனால் உண்மையை மறைத்துப் போற்றமாட்டேன். அவர் முதலமைச்சராய் இருந்த நாளில் லூதர் கொள்கையினர் தீயிலிடப்பட்டனர். அதற்கு அவர் வருந்தவும் இல்லை. பிறர் மனச்சான்றுக்கு அவர் தராத மதிப்பை, அவர் மனச்சான்றுக்கு மன்னன் தரவில்லை. சாவி யார் கையில் இருந்ததோ அவர்கள் பூட்டினார்கள், அவ்வளவுதான்.

மடங்கள் மறைந்தன

அடுத்து, சொத்து. 1535-இல் நாடெங்கும் அதிகாரிகள் சென்று திருச்சபையின் நிலபுலன், வருமானம் அனைத்தையும் கணக்கெடுத்தனர். கணக்குப் பிள்ளை வந்து போனால் பின்னாலேயே கைப்பற்றுவோன் வருவான் அல்லவா? 1536-இல், ஆண்டு வருமானம் 200 பவுனுக்குக் குறைந்த மடங்கள் மூடப்பட்டன. பின்னர்ப் பெரிய மடங்கள். 1540 மார்ச்சில் வால்த்தம் மடம் சரணடைந்தபோது, இங்கிலாந்திலும் வேல்சிலும் இருந்த ஏறத்தாழ 800 மடங்களில் ஒன்றுகூட எஞ்சவில்லை. கூரை ஈயத்தை உருக்கினார்கள், மணிகளை இறக்கி விற்றார்கள், சுவடிகளைச் சிதறடித்தார்கள்.

மடங்களில் சோம்பலும் ஊழலும் இல்லையா? இருந்தன. ஆனால், பறிமுதலான நிலம் உழுதவனுக்கா போயிற்று? மன்னனுக்குப் போயிற்று, அவன் போருக்குப் பணம் தேடி விற்றபோது, பிரபுக்களுக்கும் நிலக்கிழார்களுக்கும் போயிற்று. மடத்து வாயிலில் கஞ்சி பெற்ற ஏழைக்கு மிஞ்சியது மூடிய வாயில்!

வடநாட்டு மக்கள் பொறுக்கவில்லை. 1536 இலையுதிர் காலத்தில், ராபர்ட் ஆஸ்க் என்னும் வழக்கறிஞர் தலைமையில், கிறிஸ்துவின் ஐந்து காயங்கள் வரைந்த கொடியேந்தி, 30,000 பேருக்குமேல் திரண்டனர். மன்னன் படை அதற்கு ஈடாகாது. எனவே வாக்குறுதி கொடுத்தான்: மன்னிப்பு உண்டு, வடநாட்டிலேயே பாராளுமன்றம் கூட்டுவேன், கலைந்து போங்கள் என்றான். நம்பினார்கள், கலைந்தார்கள். அடுத்த ஆண்டு, வேறொரு சிறு கலகத்தைக் காரணங்காட்டி, வேட்டை தொடங்கிற்று. 1537 ஜூலையில் யார்க் நகரில் ஆஸ்க் சங்கிலியில் தொங்கவிடப்பட்டார். கொடுத்த வாக்கு காற்றிலே. நம்பிய உடல் கம்பத்திலே!

ஒரே நாள், ஆறு பிணங்கள்

போப்பை எதிர்த்த மன்னன், போப்பின் கொள்கையையும் எதிர்த்திருப்பான் என்று நினைக்கிறீர்களா? இங்கேதான் வரலாறு நம்மைத் திடுக்கிட வைக்கிறது. 1539-இல் ஆறு விதிகள் சட்டம் வந்தது. பூசையில் அப்பமும் இரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாகவே மாறுகின்றன என்பதை மறுத்தால் தீ! குருமார் மணம் கூடாது! பாவமன்னிப்புக்காகக் குருவின் காதிலே அறிக்கையிடும் வழக்கம் தொடரும்! அத்தனையும் ரோமாபுரிக் கொள்கை. போப்பு இல்லை, போப்பின் சமயம் மட்டும் இருந்தது.

1540 ஜூலை 28-இல், ஹென்றி தன் கருவியாயிருந்த கிராம்வெல்லின் தலையையே வாங்கினான். இரண்டு நாள் கழித்து, ஜூலை 30-இல், இலண்டன் ஸ்மித்பீல்டு திடலுக்கு ஆறு பேரை இழுத்து வந்தார்கள்.

மூவர் கத்தோலிக்கர்: தாமஸ் ஏபல், எட்வர்டு பாவல், ரிச்சர்டு பெதர்ஸ்டன். குற்றம்? மன்னன் திருச்சபைத் தலைவன் என்பதை ஏற்காதது. அவர்களைத் தூக்கிலேற்றி வெட்டினார்கள்.

மூவர் லூதர் கொள்கையினர்: ராபர்ட் பார்ன்ஸ், தாமஸ் காரெட், வில்லியம் ஜெரோம். குற்றம்? மதத்துரோகம். அவர்களைத் தீயிலிட்டார்கள். இவர்களுள் பார்ன்ஸ், ஹென்றிக்காகவே ஜெர்மனிக்குத் தூது போனவர்!

சிறையிலிருந்து திடலுக்கு இழுத்து வரும்போது, ஒரு தட்டிக்கு ஒரு கத்தோலிக்கர், ஒரு லூதர் கொள்கையினர் என்று இருவர் இருவராகப் பிணைத்து இழுத்துவந்தனர். எண்ணிப் பாருங்கள், தோழர்களே! போப்பை விடமாட்டேன் என்றவனுக்கும் சாவு. போப்பின் கொள்கையை விட்டுவிட்டேன் என்றவனுக்கும் சாவு. அப்படியானால் நாட்டின் சமயம்தான் எது? கத்தோலிக்கமா? புராட்டஸ்டன்டா? இரண்டும் அன்று! அன்று காலை மன்னன் எதை நம்பினானோ அதுதான் சமயம்!

ஏடு திறந்தது

இத்தனை இருளிலே ஒளியே இல்லையா? உண்டு. அது மன்னன் ஏற்றிய விளக்கு அன்று. அவன் தூண்டிவிட்டு, பிறகு ஊதி அணைக்கப் பார்த்த விளக்கு.

வில்லியம் டிண்டேல் என்ற அறிஞர், ஏர் உழும் பையனும் வேதத்தை அறியவேண்டும் என்று துடித்தவர். புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்திலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்து, 1526-இல் ஜெர்மனியில் அச்சிட்டார். துணிப் பொதிகளில் ஒளித்து இங்கிலாந்துக்குக் கடத்தினர். இலண்டனில் அதைக் குவித்துக் கொளுத்தினர். 1536 அக்டோபரில், இன்றைய பெல்ஜியத்தில் உள்ள வில்வோர்டு நகரில், டிண்டேலைக் கழுத்தை நெரித்துக் கொன்று எரித்தனர்.

அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் நடந்தது என்ன? ஒவ்வொரு கோயிலிலும் ஆங்கில வேதாகமம் வைக்கவேண்டும் என்று 1538-இல் ஆணை பிறந்தது. 1539-இல் அரசின் பெயரால் பெரிய வேதாகமம் வெளிவந்தது. அதன் மொழியில் பெரும்பகுதி, எரிக்கப்பட்ட டிண்டேலின் மொழி! ஆளைக் கொளுத்தலாம், ஆக்கிய சொல்லை?

அந்நூலின் முகப்புப் படத்தைப் பாருங்கள். நடுநாயகமாக ஹென்றி வீற்றிருக்கிறான். இருபுறமும் வேதத்தை வழங்குகிறான். ஆண்டவர் அவன் தலைக்குமேல் ஒடுங்கிய இடத்தில் இருக்கிறார். கீழே திரண்ட மக்கள் மன்னனை வாழ்த்துகிறார்கள். பெரும்பாலோர் வாழ்த்துவது லத்தீனில்! ஆங்கில வேதத்தின் முகப்பிலேயே ஆங்கிலக் குடிகள் அயல்மொழியில் வாழ்த்துப் பாடுகிறார்கள்.

படித்த மக்கள் சும்மா இருப்பார்களா? சத்திரத்திலும் சாராயக் கடையிலும் வேதத்தை விவாதித்தார்கள். மன்னன் நடுங்கினான். 1543-இல் ஒரு சட்டம் பிறந்தது. கைவினைஞர், தொழில் பழகுவோர், வேலைக்காரர், உழவர், கூலிகள், எளிய குடிப் பெண்கள் ஆகியோர் ஆங்கில வேதத்தைப் படிக்கலாகாது! உயர்குடிப் பெண்கள் தனியே தமக்குள் படித்துக்கொள்ளலாம், பிறருக்குப் படித்துக்காட்டலாகாது!

1546-இல், இங்கிலாந்தின் செயிண்ட்பரிக் குன்றிலே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ராபர்ட் வில்லியம்ஸ் என்பவன், தான் வாங்கிய வேறொரு நூலின் ஏட்டிலே ஒரு குறிப்பு எழுதிவைத்தான். இடையர் வேதம் படிக்கக்கூடாது என்று தடுத்துவிட்டதால் இந்த நூலை வாங்கினேன் என்றும், இந்தக் குருட்டுத்தனத்தை ஆண்டவன் திருத்தவேண்டும் என்றும் அதில் குறித்தான். ஆட்டிடையன் எழுதிய அந்தக் குறிப்பு இன்றும் இருக்கிறது. மன்னனின் சட்டம் அவன் இறந்த 1547-ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டது.

அதே 1546 ஜூலையில், ஆன் ஆஸ்க்யூ என்ற இளம்பெண், தான் படித்து உணர்ந்ததைச் சொன்னதற்காக இலண்டன் கோட்டையில் உடலை நீட்டி முறிக்கும் பொறியில் வதைக்கப்பட்டாள். நடக்க முடியாமல் நாற்காலியில் தூக்கிவந்து, ஸ்மித்பீல்டில் தீயிலிட்டார்கள். அவளை எரித்தவன், சாகும்போது தன் ஆன்மாவுக்காகப் பூசைகள் நடத்த உயில் எழுதினான்.

நான்கு முறை மாறிய கடவுள்

1520-இல் பிறந்த ஓர் ஆங்கில உழவனைக் கற்பனை செய்யுங்கள். அவனுக்கு வயது 14 ஆகும்போது, போப் தலைவர் அல்லர் என்றது சட்டம். 29 ஆகும்போது, ஹென்றியின் மகன் ஆறாம் எட்வர்டின் ஆட்சி. லத்தீன் பூசை நின்று ஆங்கில வழிபாடு வந்தது. 34 ஆகும்போது, காதரினின் மகள் மேரி ஆட்சி. போப் மீண்டும் தலைவர். 39 ஆகும்போது, ஆன் போலினின் மகள் எலிசபெத் ஆட்சி. போப் மீண்டும் வெளியே. அவன் உழுத நிலம் மாறவில்லை. தொழுத கோயில் மாறவில்லை. நம்பவேண்டியது மட்டும் நான்கு முறை மாறிற்று!

ஒவ்வொரு மாற்றத்துக்கும் குருதி விலை. 1549-இல் ஆங்கில வழிபாட்டு நூலைப் புகுத்தியபோது, கார்ன்வால் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். எங்களில் பலருக்கு ஆங்கிலமே தெரியாது என்று அவர்கள் முறையிட்டனர், ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டனர். ஆங்கிலேயனுக்குத் தாய்மொழி உரிமையாக வந்தது, கார்ன்வால்காரனுக்கு அயல்மொழித் திணிப்பாக இறங்கிற்று! மேரியின் ஆட்சியில் ஏறத்தாழ 280 பேர் எரிக்கப்பட்டனர். மணமுறிவுத் தீர்ப்பளித்த கிரான்மரும் 1556-இல் தீக்கிரையானார். எலிசபெத் ஆட்சியில், ஞாயிறன்று கோயிலுக்கு வராதவனுக்குத் தண்டம். கத்தோலிக்கக் குருக்களுக்குத் தூக்கு. அரசுத் திருச்சபை வேண்டாம் என்ற பாரோ, கிரீன்வுட், பென்ரி என்னும் புராட்டஸ்டன்டுகளுக்கும் 1593-இல் தூக்கு. அயர்லாந்திலோ, மக்களின் சமயம் ஒன்று, ஆள்வோரின் திருச்சபை மற்றொன்று என்றாகி, நூற்றாண்டுக் கணக்கில் புண் ஆறாது கிடந்தது.

கத்தோலிக்கர் பாராளுமன்றத்தில் அமர உரிமை கிடைத்தது எப்போது? 1829-இல்! தலைமைச் சட்டம் வந்து 295 ஆண்டுகள் கழித்து! இன்றும் அந்நாட்டு அரியணையில் கத்தோலிக்கர் அமரச் சட்டம் இடம் தருவதில்லை. இன்றும் அரசரே இங்கிலாந்துத் திருச்சபையின் உச்ச ஆளுநர்.

மன்னன் எண்ணாத விளைவு

ஆயினும் ஒன்று சொல்லவேண்டும். அதிகாரம் செய்யும் கணக்கெல்லாம் அதிகாரம் எண்ணியபடி முடிவதில்லை. போப்பை வீழ்த்தப் பாராளுமன்றத்தைக் கருவியாக எடுத்தான் ஹென்றி. 'கடவுள் காரியத்துக்கே சட்டம் செய்யலாம் என்றால், மன்னன் காரியத்துக்கு ஏன் செய்யக்கூடாது?' என்று அந்தக் கருவி ஒருநாள் எண்ணத் தொடங்கிற்று. 1649-இல் ஒரு மன்னனின் தலையே உருண்டது! மடத்து நிலத்தை வாங்கியவர்கள், மேரி போப்பை அழைத்துவந்தபோதும் நிலத்தைத் திருப்பித் தரவில்லை. நம்பிக்கையை மாற்றிக்கொண்டார்கள், பத்திரத்தை மாற்றிக்கொள்ளவில்லை. மன்னன் வழங்கிய ஏடோ, மன்னனையே கேள்வி கேட்கும் மக்களை உருவாக்கிற்று. அந்தத் திருச்சபையின் கிளைதான் பிற்காலத்தில் நம் நெல்லைச் சீமைக்கும் வந்தது; திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் தந்த கால்டுவெல் பெருமகனார் அதன் ஆயராய்த் தொண்டாற்றினார்.

தோழர்களே! ரோமாபுரியின் ஆதிக்கத்தை உதறியது தவறென்று நான் சொல்லவில்லை. உதறியவன் அத்துடன் நிறுத்தியிருந்தால் அது விடுதலை. உதறிய கையாலேயே சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டான்; அதனால் அது வெறும் கைமாற்றம். இங்கிலாந்து மக்களுக்கு மனச்சான்றின் உரிமை கிடைத்தது ஹென்றியின் 1534-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அன்று. ஆணையிட மறுத்தவர்களும், ஏட்டைக் கடத்தியவர்களும், படிக்காதே என்றபோது படித்தவர்களும், முந்நூறு ஆண்டுகள் அங்குலம் அங்குலமாகப் பெற்றது அது.

ஆகவே, ஒரு பேரதிகாரம் வீழ்ந்தது என்று செய்தி வரும்போது மகிழுங்கள், தவறில்லை. மகிழ்ந்த கையோடு ஒரு கேள்வியும் கேளுங்கள்: சாவி இப்போது யார் இடுப்பில் இருக்கிறது? அந்தக் கேள்வியைக் கேட்கும் துணிவு, படிப்பவனுக்குத்தான் வரும். குன்றின்மேல் ஆடு மேய்த்தவனுக்கு அது வந்தது. படிப்பகம் நடத்தும் உங்களுக்கும் வரவேண்டும். படியுங்கள், படித்துக்காட்டுங்கள்!